எட்டாவது பாட்டு

பெங்களூரு
4.6.2023

அன்புத் தங்கை வாணிக்கு,

உன் அண்ணன் பிரபாகர் எழுதுவது. நான் நலம். தொண்டை மட்டும் அவ்வப்போது மக்கர் செய்கிறது. நீ, குட்டி யுவராணி, மாப்பிள்ளை குமார், உன் மாமியார் எல்லோரும் சுகந்தானே?

கையால் கடிதம் எழுதிப் பத்து வருடத்துக்கு மேல் இருக்கும். என்ன செய்வது? உனக்குப் போன் போட்டால் எடுப்பது மாப்பிள்ளை. "ராங் நம்பருங்க" என்று என் குரலைக் கேட்ட பிறகே சொல்லிவிட்டு வைக்கிறார். அப்புறம்தான் உறைத்தது. என் தங்கச்சி ஈச்சங்கொட்டாய் கிளைத் தபாலாபீசுக்கே தலைவி. பாப்பாரப்பட்டியிலிருந்து வருகிற பையை அவிழ்ப்பதே அவள்தான். அவளுக்கு வருகிற கடிதத்தை வேறு எவன் பார்க்கப் போகிறான்!

யுவாவின் காதுகுத்துக்கு வராதது என் தப்பு. தாய்மாமன் மடி இல்லாமல் பிள்ளையை யாரோ பங்காளி மடியில் உட்கார வைத்துக் காது குத்தினார்கள் என்று கேள்விப்பட்டபோது சிங்கப்பூரில் மேடை ஏறிக்கொண்டிருந்தேன். அந்த அவமானத்துக்கு அவர்கள் உன்னை என்னோடு பேசவிடாமல் வைத்திருக்கிறார்கள். அப்பாவும் அம்மாவும் போன பிறகு எனக்கு நீ, உனக்கு நான். இதில் யாருக்குத் தண்டனை?

எங்கள் 'வறட்டாறு' குழுவின் முதல் ஆல்பத்தை நீயும் கேட்டிருப்பாய். காலேஜ் பையன்கள் எங்கள் மூஞ்சியை பனியனில் போட்டுக்கொண்டு திரிகிறார்கள். அதுதான் இப்போது வினை. இரண்டாவது ஆல்பத்துக்கு எட்டுப் பாட்டு வேண்டும். ஏழு முடிந்தது. எட்டாவது வரவே மாட்டேன் என்கிறது. "ஏழும் வெறும் சத்தம் மச்சான், உசுரு இல்ல" என்று டிரம்ஸ் வாசிக்கிற சவுரியப்பன் என் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டான். ஐந்து மாதமாக ஒரு வரி எழுதவில்லை.

நீ எதையாவது எழுது. ஊர்ச் சேதி, உன் சேதி, எது வேண்டுமானாலும்.

இப்படிக்கு,
உன் அண்ணன்
பிரபாகர்


ஈச்சங்கொட்டாய்
9.6.2023

அன்புள்ள அண்ணாவுக்கு,

வாணி எழுதுவது. இங்கே நான், யுவா, அவர், அத்தை எல்லோரும் நலம். உன் தொண்டைக்கு மிளகைத் தட்டிப் பாலில் போட்டுக் குடி. ஐஸ் தண்ணீரைத் தொடாதே. சொன்னால் கேட்கவா போகிறாய்.

பையை அவிழ்த்துக் கொட்டினால் பேங்க் நோட்டீஸ், இன்சூரன்ஸ் காகிதம், யாருக்கோ கோர்ட் சம்மன். நடுவில் உன் கோழிக் கிறுக்கல். சிரிப்பு தாங்கவில்லை. என் கடிதத்துக்கு நானே முத்திரை குத்தி, என் மேஜையிலிருந்து என் மேஜைக்கே டெலிவரி செய்துகொண்டேன். அரசாங்க உத்தியோகத்தில் இந்தச் சுகம் யாருக்குக் கிடைக்கும்?

கோகிலவாணி என்று பாடுகிற பெயரை எனக்கு வைத்துவிட்டு, பாட்டை உனக்குக் கொடுத்தார் அப்பா. நான் எங்கே போய் எழுதுவது? இருந்தாலும் கேள். யுவா யு.கே.ஜி. போகிறாள். முதல் நாள் அவள் அழவில்லை, மிஸ்தான் அழுதாராம். கறுப்பு ஆடு இரண்டு குட்டி போட்டது. ஒன்றுக்கு உன்னை மாதிரியே நெற்றியில் மயிர் விழுகிறது. அதற்கு ராக் ஸ்டார் என்று பெயர் வைத்திருக்கிறேன். அத்தைக்குத் தெரியாது. "ராக்கு, ராக்கு" என்று அவரும் கூப்பிடுகிறார்!

முதியோர் பணம் வாங்க வரும் கிழங்களுக்கு விரல் ரேகை தேய்ந்து மிஷினில் விழுவதே இல்லை. ஈரத்துணியில் துடைத்துத் துடைத்து வைத்தால் பத்தாவது தடவை விழுகிறது. அதற்குள் அவரவர் வீட்டுக் கதை முழுக்க எனக்குத் தெரிந்துவிடும்.

உடனே பதில் போடு.

இப்படிக்கு,
அன்புத் தங்கை
வாணி


பெங்களூரு
14.8.2023

அன்பு வாணி,

நலம். நலமாக இருப்பாய் என நம்புகிறேன். பதில் போடத் தாமதமாகிவிட்டது, தப்பாக எடுத்துக்கொள்ளாதே. ஒத்திகை, கம்பெனிக்காரர்களின் நச்சரிப்பு.

ஆட்டுக்குட்டி சேதி நன்றாக இருந்தது. ஆனால் ஒன்று கேட்கிறேன். சின்ன வயதிலிருந்தே அழ வேண்டிய நேரத்தில்தான் நீ ஜோக் அடிப்பாய். அப்பா சாவுக்கு வந்தவர்களைக்கூடச் சிரிக்க வைத்தவள் நீ. நீ நன்றாக இருக்கிறாயா? உண்மையை எழுது.

இப்படிக்கு,
பிரபாகர்


ஈச்சங்கொட்டாய்
21.8.2023

அன்புள்ள அண்ணாவுக்கு,

எல்லோரும் நலம் என்றுதான் ஆரம்பிக்க வேண்டும். அவர் நலம். தக்காளி விலை ஏறியதிலிருந்து பிக்கப் வண்டி பாலக்கோடு மண்டிக்கும் ஊருக்குமாக ஓய்வில்லாமல் ஓடுகிறது. அத்தை நலம். யுவா நலம்.

நான் நலமில்லை.

நீ கேட்டதால் சொல்கிறேன். வேறு யாரும் கேட்கவில்லை. மார்ச் மாதம் எனக்கு நாலாவது மாதம். "மொதல்லது பொட்டை. இது என்னன்னு பாத்துக்கிட்டா நல்லதுங்க" என்று யாரோ அத்தை காதில் ஓதிவிட்டார்கள். இப்போது இதெல்லாம் ஆஸ்பத்திரியில் நடக்காது, பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள். ஒரு ஆள் மிஷினைத் தோள்பையில் போட்டுக்கொண்டு ஏதாவது ஒரு வீட்டுக்கு வருவான். அங்கே அவரும் அத்தையும் என்னைக் கூட்டிக்கொண்டு போனார்கள். பார்த்தான். வாயைத் திறந்து எதுவும் சொல்லவில்லை, பையன் இல்லை என்கிற மாதிரி கையை மட்டும் ஆட்டினான். எட்டு நாள் கழித்து மறுபடியும் அங்கேயே போனோம். முடித்துவிட்டார்கள்.

நான் வேண்டாம் என்று சொன்னேன். எத்தனை தடவை, எவ்வளவு சத்தமாகச் சொன்னேன் என்று இப்போது நினைவில்லை. சத்தமே வரவில்லையோ என்னவோ.

அவளுக்கு ஒரு பெயர் வைத்திருக்கிறேன். எழிலரசி. அவரிடம்கூட சொன்னதில்லை. உன்னிடம்தான் சொல்கிறேன். உன்னோடு இருக்கட்டும் அண்ணா. இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடு.

இப்படிக்கு,
வாணி


பெங்களூரு
25.8.2023

என் செல்லத் தங்கை வாணிக்கு,

உன் கடிதம் இன்று காலையில் கிடைத்தது. உடனே எழுதுகிறேன். உடம்பு எப்படி இருக்கிறது? ரத்தம் குறைந்திருக்கும். பேரீச்சம்பழமும் முருங்கைக் கீரையும் சாப்பிடு. பாவி, இத்தனையையும் வைத்துக்கொண்டா ஆட்டுக்குட்டிக் கதை எழுதினாய்?

படித்துவிட்டு பாத்ரூமில் போய் அழுதேன். உன்னை அந்த வீட்டில் கட்டிக்கொடுத்ததில் எனக்கும் பங்கு இருக்கிறது.

வாணி, மனதில் இருப்பதை எல்லாம் கொட்டிவிடு. அப்போதுதான் ஆறும். அந்த வீடு எப்படி இருந்தது? சுவர் என்ன நிறம்? போகும்போது ஊரில் என்ன சொல்லிவிட்டுப் போனீர்கள்? திரும்பி வந்து என்ன செய்தீர்கள்? அந்தப் பெயரை மனதுக்குள் எப்படிக் கூப்பிடுவாய்? சின்னச் சின்ன விஷயமாக இருந்தாலும் விடாதே. நான் இருக்கிறேன்.

இப்படிக்கு,
உயிருள்ளவரை உன் அண்ணன்
பிரபாகர்


ஈச்சங்கொட்டாய்
2.9.2023

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம். நிஜமாகவே கொஞ்சம் நலம். உன் கடிதத்தை ஆபீஸ் கதவைச் சாத்திவிட்டு மூன்று தடவை படித்தேன். நாலாம் நாளே பதில் எழுதியிருக்கிறாய்! சுவர் என்ன நிறம் என்று கேட்ட முதல் ஆள் நீதான் அண்ணா. அங்கே சுவர் இருந்தது என்பதே உலகத்தில் யாருக்கும் தெரியாது.

பச்சை. பாதி வரைக்கும் பெயின்ட், மேலே சுண்ணாம்பு. போன வருடக் காலண்டர் தொங்கியது, தேதி கிழிக்கவே இல்லை. தேதி முத்திரை குத்துகிறவள் அல்லவா, கண் அங்கேதான் போனது.

ஊரில் யாரும் சந்தேகப்படக்கூடாது என்று அத்தை ஒரு யோசனை செய்தார். கேழ்வரகு மூட்டையைக் கையோடு எடுத்துக்கொண்டார். பஸ்சுக்கு நின்றபோது கேட்டவர்களிடமெல்லாம் "மாவு அரைக்க மில்லுக்குப் போறமுங்க" என்றார். சொன்னால் செய்ய வேண்டும் அல்லவா? திரும்பும்போது நிஜமாகவே மில்லில் இறங்கி அரைத்துக்கொண்டு வந்தோம். இரண்டாம் தடவையும் அப்படித்தான். நான் மில் வாசலில் மாவு மூட்டை மேல் உட்கார்ந்திருந்தேன். மூட்டை சூடாக இருந்தது. அன்றைக்கே அந்த மாவில் களி கிண்டினார்கள். நான் இன்று வரை களி சாப்பிடுவதில்லை. பல் வலி என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

பெயரைக் கூப்பிடுவதெல்லாம் இல்லை. காலையில் முத்திரையில் தேதி மாற்றும்போது ஒரு தடவை மனதில் சொல்லிக்கொள்வேன். அவ்வளவுதான்.

எழுதி முடித்ததும் மூட்டை இறங்கின மாதிரி இருக்கிறது. நீ நல்லா இரு.

இப்படிக்கு,
உன் வாணி


பெங்களூரு
6.9.2023

வாணிக்கு,

நலம். கடிதம் கிடைத்தது. இரண்டு நாளாக நான் வேறு ஆளாக இருக்கிறேன். எட்டு மாதம் கழித்துப் புதுப் பாட்டுக்காகக் கிடாரைத் தொட்டேன். வேறு ஏதாவது நினைவு வந்தால் உடனே எழுது.

பிரபாகர்


ஈச்சங்கொட்டாய்
20.11.2023

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். இந்தத் தடவை பொய் இல்லை.

சந்தோஷ சேதி. எனக்கு இரண்டு மாதம்! உனக்குத்தான் முதலில் எழுதுகிறேன். அதைவிடப் பெரிய சேதி ஒன்று உண்டு. இந்த முறை நான் வாயை மூடிக்கொண்டு இருக்கவில்லை. எந்த வீட்டுக்கும் வரமாட்டேன், கட்டாயப்படுத்தினால் தபாலாபீசுக்குள் போய்த் தாழ்போட்டுக்கொள்வேன் என்றேன். அவர் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மறுநாள் அவரே குலதெய்வம் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போய், "எதுவா இருந்தாலும் பெத்துக்கலாம் புள்ள" என்று சூடம் அணைத்துச் சத்தியம் செய்தார். கை சுட்டு உள்ளங்கை சிவந்துவிட்டது. நான்தான் எண்ணெய் தடவினேன். அவர் கெட்டவர் இல்லை அண்ணா. அம்மா பேச்சை மீறத் தெரியாது, அவ்வளவுதான்.

ஏழாம் மாதம் வளைகாப்பு. நீ சீர்த் தட்டோடு வந்து வாசலில் நின்றால் அவர்களால் போ என்று சொல்ல முடியாது. பழைய கோபமெல்லாம் அதோடு போய்விடும். பிறக்கிற பிள்ளைக்காவது காதுகுத்தும்போது தாய்மாமன் மடி கிடைக்கட்டும். வருகிறேன் என்று ஒரு வரி எழுது போதும்.

ராக்கு பெரிய ஆடாகிவிட்டது. உன்னை மாதிரியே யார் சொன்னாலும் கேட்பதில்லை.

பதிலுக்குக் காத்திருக்கும்,
வாணி


பெங்களூரு
22.1.2024

அன்பு வாணி,

நலம், நலந்தானே? மன்னித்துக்கொள், மூச்சுவிட நேரமில்லை. ஆல்பம் வெளியாகிவிட்டது! 'இப்படிக்கு' என்று பெயர். பத்து நாளில் எங்கள் முதல் ஆல்பத்தைத் தாண்டிவிட்டது. எட்டாவது பாட்டைத்தான் எல்லோரும் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறார்கள். கோயம்புத்தூரில் பதினைந்தாயிரம் பேர் ஒன்றாகப் பாடினார்கள். நான் மைக்கை அவர்கள் பக்கம் நீட்டிவிட்டு நின்றுகொண்டேன். உடம்பெல்லாம் புல்லரித்தது.

அது உன் பாட்டு வாணி. உனக்கு நான் செய்யும் மரியாதை. பெரிய இசைத்தட்டாகவும் போட்டிருக்கிறோம், ஒன்று தனியாகப் பார்சலில் வருகிறது. அட்டையைப் பார், ஆச்சரியப்படுவாய்.

மறந்துவிட்டேன். உன் சந்தோஷ சேதிக்கு வாழ்த்துகள். வளைகாப்புத் தேதியைச் சொல், மேனேஜரிடம் கேட்டுப் பார்க்கிறேன்.

இப்படிக்கு,
பிரபாகர்


ஈச்சங்கொட்டாய்
12.2.2024

அண்ணா,

நலம் விசாரிக்கிற நிலையில் நான் இல்லை. பார்சல் வந்தது. அதற்கு முன்பே பாட்டு வந்துவிட்டது.

"மில்லுக்குப் போனோம் எழிலரசி, மாவோடு வந்தோம் எழிலரசி." பாலக்கோடு மண்டியில் தக்காளி ஏற்றுகிற பையன்கள் வண்டிக்கு வண்டி இதைத்தான் அலறவிடுகிறார்கள். கைதட்டி ஆடுகிறார்கள். அவரும் ஆடியிருக்கிறார் அண்ணா. என்ன பாட்டென்று தெரியாமல் ஆடிவிட்டு, வீட்டில் வந்து போனில் போட்டுக் காட்டினார். நான் அரிவாள்மனையில் உட்கார்ந்திருந்தேன். பெயரைக் கேட்டதும் விரலை அறுத்துக்கொண்டேன்.

அத்தைக்குப் பெயர் தெரியாது. மூட்டை தெரியும். பச்சைச் சுவர் தெரியும். முழுப் பாட்டையும் கேட்டுவிட்டு, "அடிப் பாவி, மில்லுக்குப் போனது நாம மூணு பேருடி. நாலாவது ஆளு எவன்?" என்று கேட்டார்.

அப்புறம்தான் உன் அட்டையைப் பார்த்தோம். நான் அனுப்பிய இன்லேண்ட் கடிதத்தைப் படம் பிடித்து, என் கையெழுத்தோடு, நான் குத்திய முத்திரையோடு அச்சடித்திருக்கிறாய். ஈச்சங்கொட்டாய் என்று குண்டு குண்டாக விழுந்திருக்கிறது. நன்றாக விழ வேண்டும் என்று மை தொட்டு அழுத்திக் குத்துவது என் வழக்கம். கிழித்துப் போடச் சொன்னேனே அண்ணா! யாரோ காலேஜ் பெண்கள் காரில் வந்து தபாலாபீஸ் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு, "எழிலரசியோட அம்மா நீங்களா அக்கா?" என்று கேட்டார்கள். அவளுக்கு நான் அம்மா என்று என்னை முதலில் கூப்பிட்டது யாரோ ஊர் பேர் தெரியாத பெண்கள்.

மிஷின் ஆள் தலைமறைவாகிவிட்டான். வேலையை எழுதிக் கொடுத்துவிடு என்று அவர் சொல்லிவிட்டார். இந்த வாரத்தோடு கடைசி. பிள்ளையைப் பற்றிச் சத்தியம் செய்தீர்களே என்றேன். "சூடம் அணைச்சது என் பொண்டாட்டிக்கு. வூட்டுச் சேதிய ஊருக்குப் பாட்டா வித்தவளுக்கு இல்ல" என்றார். இங்கே முடியாவிட்டால் கர்நாடகா பக்கம் ஆள் இருப்பதாக அத்தை விசாரித்துக்கொண்டிருக்கிறார். எனக்கு ஐந்தாவது மாதம். பயமாக இருக்கிறது.

நேற்று உன் கடிதங்களை அடுக்கி வைத்துத் தேதி பார்த்தேன். அதுதானே என் தொழில். ஆட்டுக்குட்டி பற்றி எழுதியதற்கு அறுபத்தாறாவது நாள் பதில். எழிலரசி பற்றி எழுதியதற்கு நாலாம் நாள். மாவு மூட்டை பற்றி எழுதியதற்கும் நாலாம் நாள். பிள்ளை உண்டாகியிருக்கிறேன், வளைகாப்புக்கு வா என்று கெஞ்சியதற்கு அறுபத்துமூன்றாவது நாள். நான் நன்றாக இருந்தால் உனக்கு எழுத ஒன்றும் இருப்பதில்லை.

வாணி


பெங்களூரு
16.2.2024

வாணி, வாணி,

காலில் விழுகிறேன். முத்திரை வெளியே தெரியும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அட்டைக்காரன் அழகாக இருக்கிறது என்றான், சரி என்றேன். எல்லாப் பிரதியையும் திரும்ப வாங்கச் சொல்லியிருக்கிறேன். பெயரை நான் மாற்றியிருக்கலாம். மாற்றிப் பார்த்தேன், பாட்டு நிற்கவில்லை. இதை உன்னிடம் சொல்வதே அசிங்கம்.

ஆனால் ஒன்றை யோசித்துப் பார். அந்த ஆள் ஓடிவிட்டான் என்றால் பாட்டால் ஒரு நல்லதும் நடந்திருக்கிறது இல்லையா? நான் வரட்டுமா? வந்தால் உனக்கு இன்னும் கஷ்டமாகுமா? போன் போட்டேன், "ராங் நம்பர்" என்றுகூட யாரும் சொல்லவில்லை. எடுத்து, கேட்டு, வைத்துவிட்டார்கள். மூச்சுச் சத்தம் உன்னுடையது மாதிரி இருந்தது.

இப்படிக்கு,
அண்ணன்


பெங்களூரு
10.5.2024

அன்பு வாணிக்கு,

நலமா? மூன்று மாதமாகப் பதில் இல்லை. வளைகாப்பு நடந்ததா? நடக்கும்படி இருந்ததா? சீர் வாங்கி வைத்திருக்கிறேன். பச்சைக் கண்ணாடி வளையல், பட்டுப்புடவை, ஏழு வகைச் சோற்றுக்குப் பாத்திரம். ஸ்டூடியோ மூலையில் கிடக்கிறது. எட்டாவது பாட்டை மேடையில் பாடுவதை நிறுத்திவிட்டேன். கூட்டம் விடுவதில்லை, அவர்களே பாடிவிடுகிறார்கள்.

அண்ணன்


பெங்களூரு
12.7.2024

வாணி,

பத்து மாதமும் முடிந்திருக்கும். நேற்று வாடகைக் கார் பிடித்து பாப்பாரப்பட்டி வரை வந்தேன். உன் ஊருக்குத் திரும்புகிற ரோட்டில் அரை மணி நேரம் நின்றேன். என்னை அடையாளம் கண்டு நாலு பையன்கள் ஓடிவந்து அந்தப் பாட்டைப் பாடச் சொன்னார்கள். திரும்பிவிட்டேன்.

எனக்கு மன்னிப்பு வேண்டாம். ஒன்று மட்டும் சொல். பிரசவம் ஆனதா? ஆணா பெண்ணா? உயிரோடு இருக்கிறதா? பெயர் வைத்தாயா? தாய்மாமன் கேட்கிறேன். ஒரே ஒரு வரி எழுது.

அண்ணன்


பாலக்கோடு
9.9.2024

திரு. பிரபாகர் அவர்களுக்கு,

வணக்கம். இங்கு அனைவரும் நலம். தாங்களும் தங்கள் குழுவினரும் நலமாக இருக்க வேண்டுகிறேன்.

தங்களின் மூன்று கடிதங்களும் ஒன்றாகக் கிடைத்தன. எனக்குப் பதில் வேலைக்கு வந்திருக்கும் நிர்மலா அவற்றை மேஜைக்குள் வைத்திருந்து, ரேஷன் கடையில் பார்த்தபோது கொடுத்தாள். இனி எழுத வேண்டாம். அவளுக்குச் சிரமம். இந்தக் கடிதத்தையும் மண்டிக்கு வந்த இடத்தில் போடுகிறேன்.

இந்த வருடம் மழை பரவாயில்லை. தக்காளி சுமாரான விலைக்குப் போகிறது. யுவராணி ஒன்றாம் வகுப்பு போகிறாள். ராக்கு இந்த வருடம் கோயிலுக்குப் போய்விட்டது. எனக்குப் பல் வலி இல்லை என்று வீட்டில் கண்டுபிடித்துவிட்டார்கள். களி சாப்பிடுகிறேன்.

பிரசவம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். எழுத மாட்டேன். பிள்ளை இருக்கிறது என்று எழுதினால், பாட்டால் பிழைத்த பிள்ளை என்று ஒரு பாட்டு வரும். இல்லை என்று எழுதினால் அதற்கும் ஒரு பாட்டு வரும். அதற்கு நாலாம் நாளே பதிலும் வரும். ஆகவே ஆணா பெண்ணா, என்ன பெயர், இருக்கிறதா என்பதெல்லாம் இங்கேயே இருக்கட்டும். ஒரு பெயரைத் தங்களிடம் கொடுத்தேன். இப்போது அதை மனதுக்குள் சொன்னால்கூட டிரம்ஸ் சத்தம் கேட்கிறது.

காதுகுத்து என்று ஒன்று நடந்தால், தாய்மாமன் மடிக்கு யாரைக் கூப்பிடுவது என்று இங்கே கேட்பார்கள். எனக்கு அண்ணன் இல்லை என்று சொல்லிக்கொள்கிறேன்.

கடிதத்தின் கடைசியில் போடும் வார்த்தை தங்கள் ஆல்பத்தின் பெயராகிவிட்டது. அதனால் போடவில்லை.

கு. கோகிலவாணி